ஒரு புள்ளியில் தப்பிய சாம்பியன்

ஆசிரியருக்கு,

2027 ஆஸ்திரேலிய உலகக் கோப்பை ரக்பியும் தென்னாப்பிரிக்காவுக்கே என்று பலர் இப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். 2023இல் அந்த அணி காலிறுதியில் பிரான்ஸை 29–28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15, இறுதியில் நியூசிலாந்தை 12–11 என வென்றது. மூன்றிலும் ஒரே ஒரு புள்ளி! காலிறுதியில் பிரான்ஸ் கூடுதல் புள்ளிகளுக்காக அடிக்க வந்த கன்வர்ஷன் உதையைத் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே பாய்ந்து தடுத்திராவிட்டால் கதையே வேறு. நெஞ்சுரம் இருக்கிறது, மறுக்கவில்லை. அசைக்க முடியாத அணி என்று சொல்லத்தான் மனம் வரவில்லை.

அயர்லாந்துதான் பாவம். 2023இல் தரவரிசையில் முதலிடத்தோடு வந்தும் காலிறுதியைத் தாண்டவில்லை. இம்முறை 24 அணிகள். நாக் அவுட் ஆட்டங்கள் 16 அணிகளோடு தொடங்குவதால் சறுக்க இன்னொரு படி கூடியிருக்கிறது. பிரெஞ்சு நட்சத்திர வீரர் அந்துவான் டுபான் காயமின்றி ஆடினால் என் ஓட்டு பிரான்ஸுக்கே.

– ரக்பி ரசிகர் ஒருவர்