குளச்சல் தூணுக்குப் பக்கத்தில் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு பேரனோடு குளச்சல் கடற்கரைக்குப் போயிருந்தேன். வெற்றித்தூண் நிழலில் பெரியவர் ஒருவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று செல்ஃபி எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, அவரிடம் போய் “இது என்ன தூண்?” என்று கேட்டது. கையில் ஊசியோடே அவர் சொன்னார்: எங்கள் ஆட்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம், டச்சுக்காரன் பெரிய படை என்று மிரண்டானாம். வழிவழியாக வரும் கதைதான், ஆனால் எவ்வளவு நல்ல கதை!

1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியை இங்கேதான் தோற்கடித்தது. சிறைப்பட்ட டச்சு அதிகாரி டி லனாய் அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். 1777-ல் இறந்த அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, தமிழ், லத்தீன் எழுத்துகளோடு. தோற்றவருக்கே இரண்டு மொழி!

உப்புக்காற்று பெயின்டை விட்டுவைக்காது. வருடம் ஒருமுறை தூணின் எழுத்துகளைப் புதுப்பித்து, பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் நாலு வரி எழுதிவைக்கலாம். துடுப்புக் கதையையும் சேர்த்து.

ஒரு வாசகர்,
குளச்சல்