பரணைக் காலி செய்யப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெற்றோர் வீட்டுப் பரணில் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினியை விட்டுவைத்திருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

வீட்டை விற்கும்போதோ வெள்ளையடிக்கும்போதோ அந்தப் பெட்டி கீழே இறங்கும். கறுப்பு உடல், ஓரத்தில் வானவில் பட்டை, அழிரப்பர் மாதிரி சாம்பல் நிறப் பொத்தான்கள், கூடவே, நிரல்களை ஒலியாகச் சேமித்த கேசட்டுகள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய. அடுத்த அரை மணி நேரத்தில் பலரும் செய்வது இரண்டு: கணினியை மின்சாரத்தில் சொருகிப் பார்ப்பது, பெயர் எழுதாத கேசட்டுகளைக் குப்பையில் போடுவது. இரண்டையும் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் பிரிட்டனில் வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டைமெக்ஸ் ஆலை அதை லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. இந்தியாவிலும் டெசிபெல்ஸ் நிறுவனம் 1986இல் உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று விற்றது. ஆகவே கணினி போனால் இன்னொன்று கிடைக்கும். கடையில் விற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆர்வலர்கள் எப்போதோ படியெடுத்துவிட்டார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை பத்திரிகையில் அச்சான நிரலைப் பார்த்துத் தட்டச்சு செய்து, வேகத்தைக் கூட்டி, தன் பெயரைப் போட்டு ஒரு சி60 கேசட்டில் சேமித்த விளையாட்டுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான். அது அந்தச் செருப்புப் பெட்டியில் இருக்கிறது.

எனவே முதலில் கேசட். நாடாச் சுருளின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடியோ திட்டுகளோ தெரிந்தால் பூஞ்சணம். ஓட்டினால் ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கும் முனையில், ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைத் தனியாக எடுத்துவையுங்கள். சுத்தமாக இருந்தால், நாடா தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அதன்பிறகு கை தவறி ரெக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் பொத்தான் இறங்காது. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். அப்போது திருகாணி உள்ள வேறொரு கேசட்டின் கூட்டைக் கழற்றி, இந்தச் சுருள்களை அதற்குள் மாற்ற வேண்டும்.

ஓட்டுவதற்கு நல்ல கேசட் டெக் ஒன்றைத் தேடுங்கள். மலிவான யுஎஸ்பி வாக்மேன் வேண்டாம்; அதன் மோட்டார் ஒரே சீராக ஓடாது. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்துவிடுங்கள். ஒரு முறை முன்னும் பின்னும் முழுவதும் சுற்றிவிட்டு ஆரம்பித்தால், வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த நாடா இளகும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, லைன் இன் வசதியுள்ள ஒலி அட்டைக்கு வயர் கொடுங்கள். மடிக்கணினியின் ஒற்றைத் துளை மைக்குக்கானது. அதில் கொடுத்தால் அலையின் தலை வெட்டுப்படும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு போதும். எம்பி3 ஆக மட்டும் சேமிக்காதீர்கள். அது காதுக்குத் தெரியாததைக் கழித்துச் சுருக்குவது. இங்கே கேட்கப்போவது காது அல்ல.

கேசட்டில் என்ன இருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஸ்பெக்ட்ரம் பதிவு என்றால் முதலில் 5 நொடி ஒரே சீரான கூவல், கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு கரகரப்பு, ஒரு நொடி அமைதி, 2 நொடி மறுபடியும் கூவல், பிறகு நீண்ட இரைச்சல். அந்தக் குட்டிக் கரகரப்பில் 17 பைட் தலைப்பு இருக்கிறது. அதில் 10 எழுத்து பிள்ளை வைத்த பெயர். மேலே ஒன்றும் எழுதாத கேசட்டும் உள்ளே பெயர் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏன் இத்தனை பக்குவம் என்றால், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் துடிப்பின் நீளம் மட்டும்தான். பூஜ்யத்தின் துடிப்பு ஏறத்தாழ 244 மைக்ரோ நொடி, ஒன்றின் துடிப்பு அதைப் போல இரு மடங்கு. ஹெட் சற்றே சாய்ந்திருந்தால் கீச்சொலி தேயும். குட்டித் துடிப்புகள் முதலில் தொலையும். ஒரு துடிப்பு முழுதாக அறுந்தால் ஏற்றுவது நடுவிலேயே நின்றுவிடும். ஒரு பிட் மட்டும் மாறிப்போனாலோ, சரிபார்க்கும் பைட் கடைசியில்தான் வருகிறது. ஏறக்குறைய 5 நிமிடம் திரையின் ஓரத்தில் ஓடும் நீல மஞ்சள் கோடுகளைப் பார்த்து உட்கார்ந்த பிள்ளைக்கு இறுதி நொடியில் 'டேப் லோடிங் எரர்' வந்தது இதனால்தான். டிவியை அடித்ததற்கும் தம்பி ஓடியதற்கும் சம்பந்தமில்லை.

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு திருகாணி இருக்கும். பழைய நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு, கேசட் ஓடும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். இரைச்சல் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அதுதான் இடம். கேசட்டுக்குக் கேசட் இது மாறும், ஏனென்றால் பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் சாய்வு அந்த நாடாவிலேயே தங்கிவிட்டது. கோப்பு கிடைத்ததும், ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளுக்கான டிசட்எக்ஸ் (TZX) கோப்பு வடிவத்துக்கு மாற்றலாம்; தனி வேகத்தில் ஏறும் கடை விளையாட்டுகளும் அதில் அப்படியே நிற்கும். வேவ் கோப்பை அதற்காக அழித்துவிடாதீர்கள்.

கேசட் உறைக்குள் இருக்கும் தாள்களும் முக்கியம். 1984இல் வந்த ஜெட் செட் வில்லியை விளையாட, உடன் வந்த அட்டையின் வண்ணக் கட்டங்களைப் பார்த்துக் குறியீடு தர வேண்டும். எலீட் விளையாட்டுக்கு, திரையில் சிதறிய எழுத்தைப் படிக்க ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். அது தொலைந்தால் அசல் கேசட் வெறும் இரைச்சல். கோணல் எழுத்தில் 'போக்' எண்கள் (விளையாட்டை மாற்ற நினைவகத்தில் நேரடியாக எழுதுபவை) எழுதிய துண்டுச்சீட்டையும் படமெடுத்துவையுங்கள். ஜெட் செட் வில்லியிலேயே பரண் அறைக்குள் நுழைந்தால் பிறகு வேறு அறைகள் கெட்டுப்போகும் பிழை ஒன்று உண்டு. வெளியீட்டாளர் முதலில் அது வேண்டுமென்றே வைத்தது என்று சமாளித்துவிட்டு, பின்னர் திருத்த எண்களை வெளியிட்டார். பரண் ஏறுவது ஆபத்து என்று அப்போதே சொல்லிவைத்தார்கள் போலும்.

இனி கணினி. அதன் அடாப்டர் 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர், நடு ஊசி நெகட்டிவ். இன்றைய ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவே பாசிட்டிவ். முனை பொருந்துகிறதே என்று சொருகினால் கதை முடிந்தது. பழைய அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்தால் சுமையில்லாமல் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அது பழுதல்ல. உள்ளே கீழ்ப்பகுதி நினைவகமாக 4116 என்ற வகைச் சில்லுகள் எட்டு இருக்கின்றன. அவற்றுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று மின்னழுத்தம் வேண்டும். மைனஸ் 5 நின்றுபோய் மற்றவை வந்தால் சில்லுகள் வெந்துவிடும். நாற்பது வருடக் கெப்பாசிட்டர்களை மாற்றி, இந்த மூன்றையும் அளந்த பிறகே திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். படம் யுஎச்எஃப் 36ஆம் சேனலில் வரும். அனலாக் டியூனர் இல்லாத புது டிவியில் தேடிப் பயனில்லை.

மூடியைத் திறக்கும்போது மேல்பாதியை வெடுக்கென்று தூக்காதீர்கள். விசைப்பலகையின் இரண்டு நாடா வால்கள் கீழ்ப் பலகையில் சொருகியிருக்கும். முறுகிப்போன அந்த பிளாஸ்டிக் மடிந்தால் உடையும். உடைந்தாலும் பரவாயில்லை, புதிய உள்தகடு இப்போதும் செய்து விற்கிறார்கள். பின்பக்க விளிம்பில் ஜாய்ஸ்டிக் இடைமுகத்தை மின்சாரம் இருக்கும்போது சொருகுவது அதைவிட மோசம். சற்றே கோணலானாலும் ப்ராசஸர் போகும்.

மைக்ரோடிரைவ் என்ற குட்டி நாடாப் பெட்டிகளும், பிளஸ் 3 என்ற ஸ்பெக்ட்ரம் மாதிரியின் மூன்று அங்குல வட்டுகளும் கையில் இருந்தால் நீங்களாக ஓட்ட வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்றைக்கே நேரமில்லை என்றால், செருப்புப் பெட்டியை மொட்டைமாடி வெயிலிலோ ஸ்பீக்கரின் மேலோ வைக்காமல், கேசட்டுகளை நிமிர்த்தி அடுக்கி உள் அலமாரியில் வையுங்கள். பெட்டியின் மேல் 'தூக்கிப் போடாதே' என்று பெரிதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் சிலர்