கடைக்குப் போகும் முன் ஒரு வார்த்தை

அன்பு மகளுக்கு,

சுற்றுச்சூழலுக்காகப் பழக்கங்களை மாற்றப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, ஐந்து துணிப்பை, ஒரு டஜன் கண்ணாடி ஜாடி. எண்ணம் நல்லதுதான் அம்மா. ஆனால் அதில் இருப்பதெல்லாம் வாங்க வேண்டிய சாமானாக இருக்கிறதே! நன்றாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜாடி வாங்கினால் குப்பையும் கூடும், செலவும் கூடும். இருக்கிற டப்பா உடையும் வரை உழைக்கட்டும்.

துணிப்பையும் அப்படித்தான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பமாதல் கணக்கில் மேல் என்று சொல்ல, அதைக் குறைந்தது 131 தடவை எடுத்துப்போக வேண்டும் என்றது. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் அவ்வளவு எரிசக்தி செலவாகிறது. அதனால் ஐந்து வேண்டாம், இருக்கிற ஒன்றை மடித்துக் கைப்பையிலேயே போட்டு வை. வீட்டு ஆணியில் தொங்குகிற பையால் யாருக்கு என்ன லாபம்?

சரி, காசு செலவில்லாமல் எங்கே கை வைப்பது? காலமெல்லாம் மின்வேலை பார்த்தவன் நான்; என் கண் முதலில் போவது சூட்டின் மேல்தான். விளக்கை அணைக்கவில்லை என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது, வெந்நீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 20 லிட்டர் தண்ணீரின் சூட்டை 20 டிகிரி ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் வேண்டும். 9 வாட் எல்இடி பல்பை இரண்டு நாள் இரவும் பகலும் எரியவிட்டாலும் அந்த அளவு ஆகாது. ஷவரைத் திறந்துவிட்டு யோசனையில் நின்றால், நிமிடத்துக்கு எட்டு பத்து லிட்டர் போய்க்கொண்டே இருக்கும். சோப்புப் போடும் நேரத்தில் மூடிவிடு. ஹீட்டரில் கொதிக்கக் கொதிக்க ஏற்றிவைத்து, அப்புறம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவதும் வேண்டாம். தொட்டியில் சூடு ஏற ஏற, சும்மா நிற்கும்போதே வெளியேறி வீணாகும் வெப்பமும் கூடும். உடம்புக்குத் தாங்குகிற சூட்டுக்குச் சற்று மேலே வைத்தால் போதும்.

வாஷிங் மெஷினிலும் இதே கதை. வெந்நீரில் துவைத்தால் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சுட வைக்கவே போய்விடும். அன்றாட அழுக்குக்குச் சாதாரணத் தண்ணீரே போதும். துணி சேர்ந்த பிறகு போடு, கொடியில் உலர்த்து. சமைக்கும்போது பாத்திரத்தை மூடிவை. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜரைப் பிடுங்கு என்று பலரும் உபதேசம் செய்வார்கள். செய், தப்பில்லை. ஆனால் போன் இல்லாமல் சும்மா செருகியிருக்கும் நல்ல சார்ஜர் இழுப்பது மிகமிகக் கொஞ்சம். அதைப் பிடுங்கிவிட்டுப் பெரிய காரியம் முடித்த திருப்தியோடு அரைமணி நேரம் வெந்நீரில் குளித்தால் கணக்கு உதைக்கும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. குளிர் அந்த வழியாகப் போகிறது. முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பார், சில நேரம் அழுக்குதான் காரணமாக இருக்கும். உள்ளே இருப்பதையும் கவனி. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வரும். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட மிகக் கடுமையானது. ஆகவே மிச்சமானதைப் பின்னால் தள்ளாதே. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வை. அது தீர்ந்த பிறகு புதிதாகச் சமை.

கடைசியாக, பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ‘புது போன்’ என்று இருக்கிறதே, அதைப் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? ஒரு போனால் வரும் கார்பனில் பெரும்பங்கு, அது உன் கைக்கு வருவதற்கு முன்பே, தாது தோண்டுவதிலும் தயாரிப்பிலும் வெளியாகிவிடுகிறது. நீ சார்ஜ் போடுவதெல்லாம் அதற்கு முன் சொற்பம். உன் போனுக்குச் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்று. மாற்றியும் சரிவரவில்லை என்றால் சொல், பேசுவோம்.

அன்புடன்,
அப்பா