மச்சானுக்கு: அந்த ரயில் காகிதக் கட்டை வாசித்து முடித்தேன்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். பதில் பிந்தியதற்குச் சிறுபோக வெட்டுத்தான் காரணம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கடைசி வரைக்கும் வந்தது, விளைச்சல் பரவாயில்லை. வெட்டு மெசின் பிடிக்க அலைந்த அலைச்சலையும் நெல் விலையையும் நீ வரும்போது கதைப்போம், எழுதினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும். இவளுக்கு முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. மகளுக்கு வவுனியாவில் வேலை, வெள்ளி பின்னேரம் ரயில் கோச்சியில் வந்து இறங்குவாள்.

கலிபோர்னியாவின் அதிவேக ரயில் திட்டத்தை உங்கள் ஊரார் கேள்வி கேட்ட கதையை எழுதி நீ அனுப்பிய காகிதக் கட்டை அவள்தான் அச்செடுத்துத் தந்தாள். முழுவதும் வாசித்தேன், சில பக்கங்களை இரண்டாம் தரமும். பின்னேரங்களில் நூலகத்தில் கூடுகிற எங்கள் பென்சன்காரக் கோஷ்டிக்கு அதைக் கதையாகவும் சொன்னேன். நான் விளங்கிக்கொண்டது சரியா என்று நீதான் பார்க்க வேண்டும்.

2008 நவம்பரில் கலிபோர்னியாச் சனம் வாக்குப் போட்டு 9.95 பில்லியன் டொலர் கடனுக்குச் சம்மதித்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஏறினால் 2 மணி 40 நிமிடத்தில் லொஸ் ஏஞ்சலிஸ், மணிக்கு 350 கிலோமீற்றர் வேகம் என்பது வாக்குறுதி. அந்த வேகத்தில் என்றால் இங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறுகிறவன் ஒரு மணித்தியாலத்தில் கொழும்புக் கோட்டையில் நிற்பான் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பிறகு அந்தப் பாதை உங்கள் ஊரான பாலோ ஆல்ட்டோவுக்குள்ளால் நான்கு தண்டவாளமாக வரப்போகிறது என்று வரைபடம் வந்ததும் ஊரே அறிக்கை வாசிக்கத் தொடங்கிவிட்டது. வளவுக்குப் பின்னால் கோச்சி வருமென்றால் எல்லோரும் நிபுணர்தானே! கோபிக்காதே. அந்தச் சந்தேகம் எனக்குக் கடைசிவரை முழுதாகத் தீரவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஆக்களை நிமிர்ந்து இருக்கவைத்தது பயணிகள் கணக்கு. எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணிப்பதற்கு ஒரு கணித மாதிரியைச் செய்திருக்கிறார்கள். அதற்குள் ஓர் எண்: ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் உள்ள நேரத்தைப் பயணி எவ்வளவு பாரமாக நினைப்பான் என்பது. அந்த எண் பெரிதாக இருந்தால், அடிக்கடி ரயில் ஓடுகிற பாதை வெல்லும். பச்சேக்கோ கணவாயால் போவதா, அல்டமொன்ட் கணவாயால் போவதா என்ற பெரிய சண்டையில் இது சும்மா விஷயம் இல்லை. அல்டமொன்ட்டால் போனால் ரயில்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேக்கும் பிரிந்து ஓட வேண்டும், ஒவ்வொரு கிளைக்கும் எண்ணிக்கை குறையும். எங்கள் பழைய நிலைய அதிபர் உடனே சொன்னார்: "யாழ்தேவிக்குப் போகிறவன் நேரசூசி பார்த்துத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிடுவான். தூரப் பயணக்காரன் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிலையத்தில் நிற்பானா?" முப்பது வருடம் பச்சைக்கொடி காட்டிய மனிசன். உங்கள் ஆக்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

அதைவிடப் பெரிய விஷயம், வெளியிட்ட அறிக்கையில் அச்சான எண்கள் வேறு, கணிப்பை உண்மையில் ஓடவிட்ட எண்கள் வேறு என்பது. அதைக் கண்டுபிடித்தது சம்பளம் வாங்காமல் மேசையில் இருந்து பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்த ஆக்கள். 2010 கோடையில் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனமும் பார்த்துவிட்டு, இந்தக் கணிப்பில் தவறுக்கான இடைவெளி மிகப் பெரிது, நல்ல இலாபமும் வரலாம், பெரிய நட்டமும் வரலாம் என்று சொன்னது. திட்டத்தை நடத்துகிற ரயில் அதிகார சபை அதை ஏற்கவில்லை. எண்களை மாற்றியதில் கள்ளம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றியவர்கள் ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

வழக்குக் கதையும் நல்லது. சான் ஹோசேயிலிருந்து கில்ரோய் வரைக்கும் சரக்கு ரயில் கம்பனியின் காணி ஓரமாகப் பாதை கீறியிருக்கிறார்கள், கம்பனி தன் காணியைத் தரமாட்டேன் என்றது. காணி உறுதி பார்க்காமல் வேலி போட்ட கதை. 2009இல் நீதிமன்றம் அந்தப் பகுதியைத் திரும்பச் செய் என்றது. செலவோ 33 பில்லியனில் தொடங்கி 2011இல் 98.5 பில்லியனுக்கு ஏறி, உங்கள் பக்கம் நான்கு தண்டவாளம் வேண்டாம், இருக்கிற பாதையையே பகிர்ந்து ஓடலாம் என்று ஆன பிறகு 2012இல் 68.4க்கு இறங்கியது.

இனி என் சந்தேகம். உங்கள் ஊரில் வங்கியாளரும் வழக்கறிஞரும் மென்பொருள்காரரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறீர்கள். ஆயிரம் பக்க அறிக்கையைப் பிரித்து வாசிக்க உங்களால் முடிந்தது. முதலில் மண் வெட்டியது எங்கே? 2015 ஜனவரியில் பிரெஸ்னோவில், தோட்டக்காரருடைய பள்ளத்தாக்கில். அவர்களும் வழக்குப் போட்டார்கள்தான், ஆனால் அங்கே கொங்கிறீற் தூண் எழும்பிவிட்டது, உங்கள் பக்கத்தில் ஒரு வேலிகூட நகரவில்லை. நாங்கள் ரயிலுக்கு எதிரில்லை, நல்ல ரயில்தான் கேட்டோம் என்று நீ எழுதியதை நம்புகிறேன். ஆனால் படித்த ஊர் கேள்வி கேட்டுத் தப்ப, மற்ற ஊர் மாட்டிக்கொள்கிறது என்பதையும் நீ உன் கட்டில் எங்கேயாவது எழுதியிருக்கலாம்.

எங்களுக்கு இது வேறு விதமாக உறைக்கிறது. 1990இல் நின்ற கோச்சி திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனதை நீ இருந்து பார்த்தவன். அவ்வளவு காலம் இல்லாமல் இருந்த ஒன்று வரும்போது யார் மச்சான் மதகு எண்ணுவான்? ஹோர்ன் சத்தம் கேட்டு அழுத சனம் நாங்கள். வந்தால் போதும் என்றிருந்தோம். வீதிக்கும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான்.

அதனால்தான் உன் கட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியாவின் அந்தச் சுற்றாடல் சட்டம். சுற்றாடல் அறிக்கையின் வரைவை வெளியிட்டால் குறைந்தது 45 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், அதில் சாரமுள்ள ஒவ்வொன்றுக்கும் இறுதி அறிக்கையில் எழுத்தில் பதில் வர வேண்டும் என்பது. "இத்திட்டம் எம் கிராமத்தைப் பாதிக்கும்" என்று எழுதினால் "கவனத்தில் எடுத்தோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவான். இன்ன பக்கத்தில் இன்ன எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவன் மெனக்கெட வேண்டும். இங்கேயும் சுற்றாடல் சட்டத்தில் முப்பது நாள் இருக்கிறது. இருப்பது அநேகம் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் முப்பதாவது நாள் மனு எழுதுவார்கள்.

சின்ன அளவில் நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம், கேள். எங்கள் பக்கத்து வீதி ஒன்றைக் கிரவல் போட்டு உயர்த்திக் காப்பெற் போட்டார்கள். நல்ல வீதி. 2018 டிசம்பரில் பெய்த மழையில் இரணைமடு திறந்து ஊர் வெள்ளக்காடானது உனக்குத் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகும் வீதிக்கு மேற்குப் பக்க வயலில் மட்டும் தண்ணீர் அசையாமல் நின்றது. பயிர் அழுகியது. எல்லோரும் கடவுளைத் திட்டினார்கள். நான் நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவன், எனக்கு மனம் கேட்கவில்லை. கமக்கார அமைப்புச் செயலாளரோடு டேப்பைக் கொண்டுபோய் அளந்தேன். மேலே சின்னக் குளத்தில் மிகைத் தண்ணீர் வழிகிற வானின் அகலம் இருபது அடிக்கு மேல். அந்த வான் தண்ணீர் வந்து சேருகிற இடத்தில், முந்தி மூன்று கண் மதகு இருந்த இடத்தில், இரண்டு கொங்கிறீற் குழாய். ஒன்றின் வாய் பாதிவரை மண், அதற்குள் காய்ந்த ஆத்திக் கொப்பும் பொலித்தீனும் சிக்கிக் கிடந்தன. தகவலறியும் உரிமைச் சட்டத்தில் வரைபடம் கேட்டு வாங்கினோம். வரைபடத்திலும் இரண்டு குழாய்தான், வேலை செய்தவன் களவெடுக்கவில்லை. கீறியவர் கோடை காலத்தில் வந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நிற்கிற தண்ணீரின் உயரம், திகதி, படம், குழாயின் விட்டம் எல்லாம் ஒரே தாளில் வைத்துக் கடிதம் கொடுத்தோம். முந்திக் கொடுத்த பத்து மனுவுக்கு வராத ஆள் இதற்கு ஜீப்பில் வந்தார். மூன்றாவது குழாய் போட்டார்கள். போதாது, ஆனாலும் தண்ணீர் இப்போது வேகமாக வடிகிறது.

இனி நான் கேட்க வந்த விஷயம். இந்தியாவுக்குத் தரைத்தொடர்பு என்ற கதை உனக்கு வந்திருக்கும். 2023 ஜூலையில் இரண்டு நாடும் சாத்தியக்கூறு ஆராய்வோம் என்று ஒத்துக்கொண்டன. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று, தலைமன்னார் ரயில் பாதை 2015இல் திரும்பத் திறந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போன கடலுக்கு மேலால் பாலம் வருமா வராதா என்று நான் பந்தயம் பிடிக்கமாட்டேன். வந்தால் பாதை எங்களுக்குள்ளால்தான். செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், திருக்கேதீச்சரம், பேசாலை. யானை கடக்கிற காடும் கட்டுக்கரைக் குளத்து வயலும் அதில்தான் இருக்கின்றன. மன்னாரில் 2025இல் காற்றாலைக்கும் கனிய மண் அகழ்வுக்கும் எதிராகச் சனம் வீதியில் நின்றது. அவர்கள் சொன்ன பெரிய குறைகளில் ஒன்று, மழைத் தண்ணீர் கடலுக்கு ஓட வழி அடைபடுகிறது என்பது. சொல்வது சரியாக இருக்கலாம், கையில் அளவு இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அறிக்கை வந்த பிறகு முப்பது நாளில் தண்ணீரை அளக்க முடியாது. வெளியிடுகிறது பங்குனியில் என்றால் அளக்க என்ன இருக்கும், வெடித்த நிலம்தான். ஆகவே வரப்போகிற மாரியிலிருந்தே பதிவு வைப்போம் என்று யோசிக்கிறோம். நிலைய அதிபர் ரயில் கடவைகளைப் பார்ப்பார், காவலில்லாத கடவை எது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதால் போகிறார்கள் என்று. முருங்கன் பக்கத்தில் ஒரு ரீச்சர் இருக்கிறா, ஆனைப் பாதை அவவுக்குத் தண்ணிபட்டபாடு. மதகும் வானும் என் பொறுப்பு. திட்டம் வராமலே போனாலும் நட்டமில்லை, இருக்கிற பாதைக்கும் வீதிக்கும் உதவும்.

நீங்கள் கேள்விகளை வரிசைப்படுத்த ஒரு எக்செல் தாள் வைத்திருந்ததாக எழுதியிருந்தாய். பக்க எண், கேள்வி, வந்த பதில், திரும்பக் கேட்டது என்று நிரல் போட்டதாம். அந்தக் கோப்பை அப்படியே அனுப்பு, மகள் தமிழில் மாற்றித் தருவாள். ஒக்டோபர் முடிய முதல் கிடைத்தால் நல்லது, அதற்குப் பிறகு மழை பிடித்துவிடும். வரும்போது எனக்கு நல்லதொரு நீளமான டேப்பும் கொண்டு வா, இங்கே வாங்கியது இரண்டு மழைக்குள் துருப்பிடித்துவிட்டது.

இவள் உன் மனிசியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மச்சான்