முடிவு யார் கைக்குப் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பூர்வகுடி மக்களோடு சேர்ந்து நடத்தப்படும் நீர் ஆய்வுகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'சேர்ந்து' என்பது எப்படி என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவன். புட்டிகள் எண்ணோடு வரும். முடிவுகள் கட்டணம் கட்டியவருக்குப் போகும். அந்த நீரைக் குடிப்பவர் முடிவைப் பார்த்தாரா என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. கனடாவில் கிராசி நாரோஸ் என்ற பூர்வகுடி ஊருக்கு நேர்ந்ததை அறிந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய தவறு என்று உறைத்தது.

ஒன்டாரியோ மாகாணத்தின் டிரைடன் நகரில் இருந்த காகித ஆலை வளாகம் 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 டன் பாதரசத்தை ஆற்றில் கலந்தது. ஆற்றின் போக்கில் கீழே கிராசி நாரோஸில் வாழும் அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களுக்கு மீன்தான் உணவு, மீன்தான் பிழைப்பு. அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு ஏற ஏறப் பன்மடங்காகச் சேர்கிறது. புட்டியில் பிடித்த நீர் பரிசோதனையில் தேறிவிடலாம். அதே ஆற்று மீன் நஞ்சாக இருக்கும். எந்த மீனை, எங்கே, எந்தப் பருவத்தில் பிடித்து யார் உண்கிறார்கள் என்பது அந்த ஊராருக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் எதை அளக்க வேண்டும் என்றே முடிவு செய்ய முடியாது.

1970களிலிருந்து 1997 வரை அரசு அவர்களுடைய தலைமுடியையும் தொப்புள்கொடி ரத்தத்தையும் எடுத்துப் பாதரசத்தை அளந்தது. அந்த அளவுகளை அவர்களுடைய ஆயுளோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2020இல்தான் வெளிவந்தது. முடியில் பாதரசம் மிகுந்திருந்தவர்களே அறுபது வயதுக்கு முன் அதிகம் இறந்திருக்கிறார்கள். இதை அறிய அவர்கள் இத்தனை ஆண்டுகள் ஏன் காத்திருக்க வேண்டும்? பாதரச நஞ்சால் வரும் மினமாட்டா நோயை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் மசாசுமி ஹராடா 1975இல் அங்கே போனார். பிறகும் பலமுறை திரும்பிப் போய் அந்த மக்களைப் பரிசோதித்தார். திரும்பிப் போனதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

தரவு யாருடையது, யார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், யார் பார்க்கலாம், யார் கைவசம் வைப்பது என்ற நான்கையும் கனடாவின் முதற்குடிகள் 1998இலேயே நெறியாக வகுத்துவிட்டார்கள். அடுத்த முறை இப்படி ஓர் ஆய்வைப் பற்றி எழுதும்போது, அதன் தரவு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் கட்டுரையாளர் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப் பரிசோதனைக் கூட ஊழியர்