சர்வீஸ் பேக் சேர்த்த இன்ஸ்டாலர் தராமல் அலைக்கழிப்பது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஷூ பேட்டர்ன் ஜாப் ஒர்க் யூனிட்,
ராணிப்பேட்டை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னைக் கிளை.

பொருள்: பேட்டர்ன் டிசைன் மென்பொருளில் சர்வீஸ் பேக் 2 (பிழை திருத்தும் அப்டேட்) சேர்த்த இன்ஸ்டாலர் (மென்பொருளை ஏற்றும் செட்டப்) கேட்டும் தராதது, உங்கள் ஊழியர் அவமரியாதையாகப் பேசியது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மென்பொருளை முழுப் பணம் கட்டி, பில்லோடு வாங்கியவன் நான். எங்கள் யூனிட்டில் 14 கம்ப்யூட்டரில் அது ஓட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று சுற்று வட்டாரத்து ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் (ஷூவின் மேல்பாகம்) பேட்டர்ன் போட்டுக் கொடுத்துத்தான் என் குடும்பமும் என் தம்பி குடும்பமும் சாப்பிடுகிறோம். உங்களிடம் போனில் பேசிப் பேசி அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நீங்கள் கொடுத்த டிவிடியில் இருப்பது பழைய பதிப்பு. அதில் கிரேடிங் (ஒரு சைஸ் பேட்டர்னை மற்ற சைஸ்களுக்கு மாற்றுவது) பிழை இருக்கிறது, சர்வீஸ் பேக் 2 போட்டால் சரியாகும் என்று நீங்களே அறிவித்தீர்கள். அந்த சர்வீஸ் பேக்கை இன்ஸ்டாலருக்குள்ளேயே கலந்து, ஒரே செட்டப்பாகக் கொடுங்கள். அதை சர்வரில் வைத்து எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி ஏற்றிக்கொள்கிறேன். இவ்வளவுதான்.

முதலில் பழையதைப் போட்டுவிட்டு அப்புறம் அப்டேட் போடுங்கள் என்று உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது ஏன் எங்களுக்கு ஆகாது என்று ஒவ்வொரு முறையும் விளக்கியிருக்கிறேன். பழைய பதிப்பு முதல் தடவை திறந்தவுடனே எங்கள் பேட்டர்ன் லைப்ரரியைத் தன் பழைய அமைப்புக்கு மாற்றி எழுதிவிடுகிறது. பக்கத்து சிஸ்டத்தில் சர்வீஸ் பேக் ஏறியிருந்தால் அங்கே அந்த ஃபைல் திறக்காது. பாதி சிஸ்டம் ஒரு பதிப்பு, பாதி சிஸ்டம் இன்னொரு பதிப்பு என்று வைத்துக்கொண்டு எப்படித் தொழில் செய்வது?

அந்த கிரேடிங் பிழை என்ன செய்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருமுறை ஸ்கேலை வைத்துப் பார்த்தீர்களா? ஐரோப்பிய சைஸுக்கு ஒரு பாயின்ட் (ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள நீள வித்தியாசம்) என்பது 2/3 சென்டிமீட்டர், அதாவது 6.67 மில்லி. பழைய பதிப்பு அதை 6.5 என்று எடுத்துக்கொள்கிறது. 37-இல் போட்ட பேட்டர்ன் 42-க்குப் போகும்போது முக்கால் மில்லிக்கும் மேல் நீளம் குறைகிறது. வேம்ப்பும் (அப்பரின் முன்பகுதி) குவார்ட்டரும் (பின்பகுதி) தையல் குறியில் சேராது. அந்த அளவை நம்பி டை (தோல் வெட்டும் அச்சு) செய்து தோலை வெட்டிவிட்டால் வெட்டியது வெட்டியதுதான். எங்கள் பார்ட்டி ஒருவர் ஒரு முழு லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். லட்சக்கணக்கில் நஷ்டம். அதைவிட, இத்தனை வருஷம் சம்பாதித்த பேரே போய்விட்டது. அதற்கு யார் பதில் சொல்வது?

உங்கள் சப்போர்ட்டில் ஒருவர் சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் டிசைன் ஹாலில் இன்டர்நெட் கிடையாது. பையர் டிசைன் வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லி, "நெட் இல்லாமல் போடுகிற மாதிரி கொடுங்கள்" என்று கேட்டேன். அதற்கு அவர், "சார், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. அங்க படிச்ச பசங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற என் பையன்கள் எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்டார்கள். லாஸ்டில் (கால் வடிவ அச்சில்) டேப் ஒட்டிக் கையால் பேட்டர்ன் எடுத்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் மென்பொருளை இந்தப் பக்கத்தில் முதலில் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருப்பீர்கள்தானே, எடுத்துக் கேளுங்கள்.

புரியாது என்று அவர் சொன்ன வேலையை நான் செய்தே பார்த்தேன். உங்கள் சர்வீஸ் பேக்கோடு வரும் ரீட்மீயில், நெட்வொர்க்கில் போடுவதற்கு முன் அட்மின் இன்ஸ்டால் (சிஸ்டத்தில் ஏற்றாமல் செட்டப் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் பிரித்து வைப்பது) எடுத்து அதில் எம்எஸ்பி என்ற அப்டேட் ஃபைலைச் சேர்க்கலாம் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அதன்படியே விண்டோஸின் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையில் அட்மின் இமேஜை ஒரு ஃபோல்டரில் பிரித்தேன். அதன்மேல் சர்வீஸ் பேக்கைப் போட்டால் 1642 என்று பிழை வந்து நிற்கிறது. அப்டேட் செய்ய வேண்டிய மென்பொருள் இல்லை, அல்லது இந்த அப்டேட் வேறு பதிப்புக்கானது என்பதுதான் அந்த எண்ணுக்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் சொல்லும் அர்த்தம். அப்படியென்றால் எங்களுக்குக் கொடுத்த டிவிடி ஒரு பதிப்பு, சர்வீஸ் பேக் வேறொரு பதிப்புக்குச் செய்தது. இதை ஸ்கிரீன்ஷாட்டோடு மெயிலில் அனுப்பினேன். "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு முயற்சி செய்யவும்" என்று பதில் வந்தது. உங்கள் சரக்கு உங்களுக்குத் தெரியாதா?

இது உலகத்தில் இல்லாத வேலையும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே சர்வீஸ் பேக்கை இன்டகிரேட் சுவிட்ச் போட்டு சிடி ஃபோல்டருக்குள் கலந்துவிடுவோம். ஆபீஸ் 2007, 2010 எல்லாவற்றிலும் அப்டேட்ஸ் என்ற ஃபோல்டரில் எம்எஸ்பி ஃபைல்களைப் பிரித்துப் போட்டால் செட்டப் ஓடும்போதே எடுத்துக்கொள்ளும்.

சென்னைக்கு அலைய விட்டதையும் சொல்ல வேண்டும். டாங்கிளோடு (மென்பொருள் ஓட கம்ப்யூட்டரில் செருகும் லைசென்ஸ் சாவி) நேரில் வந்தால் சேர்த்த டிவிடியைக் கையில் தருகிறோம் என்றார்கள். காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து வந்தேன். வரவேற்பறையில் மதியம் வரை உட்கார வைத்தார்கள். ஒரு டீ வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லை. கடைசியில் ஒரு கவரில் டிவிடி வந்தது, மேலே நீல மார்க்கரில் "எஸ்பி 2 சேர்த்தது" என்று எழுதியிருந்தது. ராத்திரி யூனிட்டுக்குத் திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் செட்டப் ஃபைல் அதே பழைய ஃபைல், அதே தேதி, அதே பதிப்பு எண். சர்வீஸ் பேக் பக்கத்தில் தனி ஃபோல்டரில் கிடக்கிறது! அப்பரையும் அடிப்பாகத்தையும் தனித்தனிப் பையில் அனுப்பிவிட்டு ஷூ ரெடி என்று நான் சொன்னால் என் பார்ட்டி விடுவாரா?

கோபத்தில் ஏதாவது வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் நல்ல மென்பொருள்தான், அதனால்தான் வேறு கம்பெனிக்குப் போகாமல் இத்தனை நாள் காத்திருந்தேன். தயவுசெய்து இந்த மாதம் முடிவதற்குள் சர்வீஸ் பேக் 2 சேர்ந்த ஒரே இன்ஸ்டாலரையோ, எங்கள் டிவிடி பதிப்புக்குப் பொருந்தும் எம்எஸ்பி ஃபைலையோ அனுப்பிவையுங்கள். போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

அதற்குள் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். பிழைப்புக்காக சுயதொழில் செய்பவனும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். புகாரை நான் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்போது நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். திருப்பி வந்த லாட்டுக்கும் கணக்குப் போட்டுக் கேட்பேன்.

பில், டாங்கிள் எண், 1642 பிழையின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் கொடுத்த டிவிடி கவரின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
ஷூ பேட்டர்ன் ஜாப் ஒர்க் யூனிட்,
ராணிப்பேட்டை.