மார்பிங் படம் வந்தால் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாட்ஸ்அப் டிபியிலோ கல்யாண ஆல்பத்திலோ ஒரு முகம் கிடைத்தால் போதும், ஏஐ செயலி அதை நிர்வாணப் படமாக்கிவிடுகிறது. மிரட்டுகிறவனுக்குப் படத்தைவிட, 'வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்ற நடுக்கம்தான் பெரிய ஆயுதம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கும் காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கும் இந்த நடுக்கம் ஒன்றுதான்.

ஆகவே தற்காப்பு, படம் வருவதற்கு முன்பே வீட்டில் தொடங்க வேண்டும். "அப்படி ஏதாவது வந்தா எங்ககிட்ட சொல்லு. திட்ட மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம்" என்று அம்மாவோ அப்பாவோ சாதாரண நாளிலேயே சொல்லிவைக்க வேண்டும். ஆண் பிள்ளைகளிடமும்தான், அவர்களையும் மிரட்டுகிறார்கள்.

படத்தைப் பார்த்த முதல் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், யோசனை ஓடாது. பணம் அனுப்புவதும் சாட்டை அழிப்பதும் அப்போதுதான் நடக்கிறது. பணம் கொடுத்தால் மறுபடி கேட்பான். சாட் போனால் சாட்சியம் போனது. பாதிக்கப்பட்டவர் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து 6 எண்ணும்வரை மெல்ல விடட்டும், 5 நிமிடம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். "ஏன் போட்டோ போட்டே?" என்ற கேள்வியை யாரும் கேட்கக் கூடாது.

ஆதாரம் சேகரிப்பதைப் பாதிக்கப்பட்டவரிடம் விடாதீர்கள். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவரை மேலும் உடைக்கும். அக்காவோ சித்தியோ தோழியோ செய்யட்டும். கணக்கின் பெயர், லிங்க், தேதி, நேரம், மிரட்டிய எண், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில் தெரிய வேண்டும். பலர் படத்தை மட்டும் எடுத்துவிட்டு லிங்கை விட்டுவிடுகிறார்கள். லிங்க் இல்லாமல் எந்தப் பதிவை நீக்கச் சொல்வது? இதையெல்லாம் எடுத்த பிறகுதான் பிளாக். நியாயம் கேட்கிறோம் என்று உறவினர் குழுவில் அந்தப் படத்தைப் போடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 67பி பிரிவில் குற்றம்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். படம் வெளியான சமூக ஊடகத் தளத்துக்கும் நேரடியாகப் புகார் கொடுங்கள். இத்தகைய படத்தை நீக்க 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2021 ஐடி விதிகள் சொல்லியிருந்தன; 2026 திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டது. ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை, படத்துக்குக் கைரேகைபோல ஒரு குறியீட்டை உங்கள் போனிலேயே உருவாக்கி, அதை மட்டும் தளங்களுக்குத் தருகிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற இதேபோன்ற சேவை இருக்கிறது. படத்தை வெட்டி மாற்றிப் போட்டால் குறியீடு பொருந்தாமல் போகலாம்; ஒவ்வொரு மாற்றுப் படத்துக்கும் தனியே பதிய வேண்டும்.

அடுத்த நாட்களில் வாட்டுவது 'இன்னும் எங்கே இருக்கிறதோ' என்று தேடிக்கொண்டே இருப்பது. காலையும் மாலையும் 15 நிமிடம் உதவுபவரே தேடட்டும், மற்ற நேரம் வேண்டாம். உறவினர் கேட்டால் "அது கம்ப்யூட்டர்ல செஞ்ச பொய்ப் படம், போலீஸ்ல சொல்லியிருக்கோம்" என்ற ஒரே பதில் போதும். முடிந்த அளவு சீக்கிரம் வேலைக்கோ வகுப்புக்கோ போவது நல்லது. இரண்டு வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பாகாயம் மனநல மையத்திலோ காட்டுங்கள். "நான் இல்லாமப் போனா நல்லது" என்று ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசும்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. இத்தகைய செய்திகளில் 'மாணவியின் ஆபாசப் படம்' என்று அச்சிடாமல், 'மாணவியின் முகத்தை வைத்துப் பொய்யாகத் தயாரித்த படம்' என்றே அச்சிடுங்கள். ஊர், தெரு, கல்லூரிப் பெயரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.